அம்மானின் குரலும் மூன்று ஒலிவாங்கிகளும்

எமது தாயாரின் தமையனாராகிய அம்மானுக்கு இப்பொழுது வயது 81. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் மாலைப் பூசையின் பின் தேவாரம் ஓதுவதை வாழ்நாள் முழுவதும் கடமையாகக் கொண்டவர். இளமையிலே ஓதுவார் ஒருவரிடம் பண்முறை பிறழாது பாடங் கேட்டவர், மேடை ஏறியவரல்லர். சென்ற ஆண்டு அவர் நோயுற்று எழுந்தபோது, இந்தக் குரலை யாரேனும் பதிந்து வைத்திருக்கின்றனரா என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. ஒருவரும் வைத்திருக்கவில்லை. கலியாண வீடியோக்களிற்கூட அது தவிலொலிக்குள் அமிழ்ந்து கிடந்தது. பதியும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம். மாணவர்க்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

கைத்தொலைபேசி போதுமே என்றனர் இளையோர். அதிலும் பதிந்து பார்த்தோம். அம்மான் மெல்லப் பாடிய இடமும் உரத்துப் பாடிய இடமும் ஒரே அளவாய் வந்தன. பேச்சு விளங்கினாற் போதும் என்று அமைந்த கருவி, மெலிந்த ஒலியைத் தானாகவே தூக்கி, உரத்த ஒலியைத் தாழ்த்திவிடுகிறது. உரையாடலுக்கு அது உபகாரம், பண்ணுக்கு அபகாரம்.

அடுத்து, விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ஒருவரிடமிருந்து மேடை ஒலிவாங்கியொன்றை இரவல் பெற்றோம். உருண்டைத் தலையைக் கம்பிவலை மூடிய, எவரும் கண்டறிந்த வகை அது. 1966 ஆம் ஆண்டில் ஷூர் கம்பனியார் வெளியிட்ட எஸ்.எம். 58 என்பதே இவ்வகையிற் பெயர் பெற்றது. இதனை டைனமிக் என்பர். அதன் உட்பொருளை அறிய மாணவர்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சைக்கிள் டைனமோவை நினைத்தாற் போதும். 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாடு மின்சாரமற்றிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்ட பையன்களில் நாமும் ஒருவர். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். அங்கே காந்தம் சுழல, அயலில் நின்ற சுருளில் மின் பிறந்தது. இங்கே மெல்லிய சவ்வொன்றில் ஒட்டிய கம்பிச்சுருள், காந்தத்தின் இடைவெளியிலே குரல் பட்டு அசைய, மின் பிறக்கிறது.

அந்தச் சுருளுக்கு ஒரு பாரம் உண்டு. நுண்ணிய ஒலிகள் அதனை இலகுவில் அசைக்கமாட்டா. அதன் செவியும் முன்பக்கமே திறந்தது. மேடையிலே இவை குணங்களாகின்றன. பின்னால் முழங்கும் தவிலைப் பெரிதும் புறக்கணித்து, வாயருகே நிற்கும் குரலை வாங்கிக்கொள்ளும்.

அம்மானோ வாயருகே எதனையும் வைத்துப் பாடிப் பழகாதவர். மூன்றடி விலகி நின்றார். உருக்கம் மிகுந்த இடங்களிற் பிள்ளையார் படத்தை நோக்கித் திரும்பினார். பதிவிலே குரல் அயலூரிலிருந்து வருவது போலிருந்தது.

“கொஞ்சம் கிட்ட வாருங்கோ, அம்மான்” என்று வேண்டினோம். வந்தார். இரண்டு வரி பாடி நிறுத்திவிட்டார்.

“என்ன தம்பி, ஆரோ ஒராளின்ரை காதுக்குள்ளை குசுகுசுக்கிற மாதிரியெல்லோ கிடக்கு. தேவாரத்தை இப்பிடியோ பாடுறது?”

அவ்விரண்டு வரியையும் போட்டுக் கேட்டபோது, “இது ஆற்றை குரல்?” என்றார் மாமி. ஒருபக்கச் செவியுள்ள ஒலிவாங்கியை நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலிகள் தடித்துவிடும். வானொலி அறிவிப்பாளர் சிலருடைய கம்பீரத்துக்கு இதுவும் ஒரு காரணம்! அம்மானுடைய மெல்லிய குரல் யாரோ ஒரு பயில்வானுடையதாகியிருந்தது.

இதில் அவர்மேற் பிழையில்லை. 1902 ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே கௌஹர் ஜான் அம்மையார் இசைத்தட்டுக்குப் பாடியபோது, மின்சாரத்தின் துணை சிறிதும் இன்றி, ஒரு கூம்புக் குழலுக்குள்ளே பாடினார். அவர் குரலின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறிற்று. 1925 ஆம் ஆண்டளவில் மின் ஒலிப்பதிவு வந்த பின்னரே, மெல்லப் பாடுவோருக்கும் இசைத்தட்டிலே இடம் கிடைத்தது. ஒலிவாங்கி இல்லாத நாடக மேடைகளிற் பாடிப் பழகிய கே. பி. சுந்தராம்பாளின் குரல் கடைசி வரிசைக்கும் எட்டியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மான் அந்தப் பழைய பரம்பரை.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்த ஒருவர் இப்பொழுது ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறார். அவரிடம் சென்றோம். “சேர், நீங்கள் படிப்பிச்ச கொள்ளளவிதான் இது” என்று சிரித்துக்கொண்டே ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். கண்டென்சர் எனப்படும் இதனை 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வென்ற் என்பவர் ஆக்கினார். அசையாத ஒரு தகடு, அதற்கெதிரே பொன்முலாம் பூசிய மிக மெல்லிய சவ்வு, இரண்டுக்குமிடையே மின்னேற்றம். சவ்வு அசைய, இடைவெளி மாற, கொள்ளளவு மாறும். இதற்கென 48 வோல்ற்று அழுத்தத்தைக் கம்பி வழியே ஊட்டுதல் வேண்டும். சுருளின் பாரம் இல்லாதபடியால் மூச்சின் ஓசையும் இதற்குத் தப்பாது.

மற்றொன்று றிபன், அதாவது நாடா. 1924 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஷொட்கியும் கேர்லாக்கும் கண்ட வழி அது. காந்த முனைகளுக்கிடையே, தலைமயிரிலும் பன்மடங்கு மெல்லிய அலுமினிய நாடாவொன்று நெளிநெளியாகத் தொங்கும். ஊதினாற் கிழிந்துவிடக்கூடியது. முன்னும் பின்னும் கேட்கும். இரு பக்கங்களிலும் அதற்குச் செவிடு. கூர்மையான ஒலிகளைச் சற்றே தணித்து வாங்குவதால், எதனையும் கனிவாக்கிக் காட்டும்.

நாதஸ்வரத்துக்கு அவர் றிபனையே வைப்பாராம். அதன் விரிந்த கீழ்வாய்க்கு நேரே ஒலிவாங்கியை நீட்டுவது எங்கும் உள்ள வழக்கம். அது தவறு என்று அவர் விளக்கினார். விரல்கள் துளைகளைத் திறக்கத் திறக்க, ஒலியின் பெரும்பங்கு அத்துளைகளாலேயே வெளியேறிவிடுகிறது. ஆகவே நாலைந்து அடி தள்ளி, முழுக் குழலையும் நோக்கி வைத்தால்தான் எல்லாச் சுரமும் சமமாக வரும். மிருதங்கத்துக்கோ ஒன்று போதாது. தொப்பியின் கும்காரத்துக்கு டைனமிக், வலந்தலையின் நுண்சொற்களுக்குக் கண்டென்சர். புல்லாங்குழலில் ஊதும் வாய்க்கு நேரே வைத்தவன் காற்றையே பதிவான். இவ்வளவு காலம் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரத்தின் பாதியை மாத்திரமே கேட்டு வந்தோம் போலும்!

அம்மான் கூடத்துக்கு வர இசையவில்லை. ஆகவே கூடம் அம்மான் வீட்டு விறாந்தைக்கு வந்தது. மின்விசிறியை நிறுத்தினோம். றிபனையும் கண்டென்சரையும் அருகருகே நாட்டி, அவரைத் தம் விருப்பம்போல் மூன்றடி தள்ளி நிற்கவிட்டோம். றிபனின் செவிட்டுப் பக்கம் முற்றத்து மாமரத்தை நோக்கியிருந்தது. ஒரே பதிகத்தை ஒரே வேளையில் இரண்டும் வாங்கின.

றிபனிலே அம்மான் இருபது வயது இளையவரானார். குரல் உருண்டு திரண்டு இனித்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டென்சரிலோ மாமரத்துக் காகம், அயல்வீட்டில் தேங்காய் திருவும் ஓசை, மேற்சுருதியிலே குரல் நடுங்கிய நடுக்கம், கட்டுப்பல்லின் மெல்லிய சத்தம் யாவும் இருந்தன. வீட்டார் எல்லோரும் றிபனையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எமது அபிப்பிராயமும் அதுவே; இன்றும் அதனை நாம் மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மான் இரண்டையும் ஹெட்போனை மாட்டி, கண்களை மூடி, முழுவதும் கேட்டார்.

“உதிலை நான் நல்லாய்ப் பாடின மாதிரிக் கிடக்கு. மற்றதிலைதான் நான் என்ன பாடினனான் எண்டு விளங்குது.”

ஆறாம் பாட்டிலே இறைவன் திருநாமத்தை இரண்டாக முறித்து, இடையில் மூச்செடுத்திருந்தார். றிபனிற் கேட்ட எவரும் அதனைக் கவனிக்கவில்லை. எத்தனை ஆண்டுகளாக இப்படிப் பாடி வருகிறேனோ என்று அவர் முகம் வாடிற்று.

“அது சின்ன வேலை, ஐயா. மூச்சை எடுத்துப்போட்டுக் கணினியிலை ஒட்டிவிடலாம்” என்றார் மாணவர்.

அம்மான் அவரை நிமிர்ந்து பார்த்தார். “நான் முறிச்சதை நீர் ஒட்டினால், பாடினது ஆர் தம்பி?”

எட்டு நாள் தவணை கேட்டார். அந்த எட்டு நாளும் விடியற்காலையில் ஒழுங்கைக்கு அப்பாலிருந்து அந்த ஆறாம் பாட்டு எம் வீட்டுக்குக் கேட்டது. ஒரு சீருக்கு முன்னே மூச்செடுத்துப் பார்ப்பார், போதாது, இரண்டு சீருக்கு முன்னே எடுத்துப் பார்ப்பார். வகுப்பிலே ஒரே கணக்கை நாலாந் தரம் செய்யும் பிள்ளையின் பிடிவாதம் அந்தக் குரலில் இருந்தது.

ஒன்பதாம் நாள் மாணவர் வந்தார். றிபனையும் கொண்டுவரும்படி இரகசியமாய்ச் சொல்லியிருந்தோம். அந்தப் பெட்டியைத் திறக்க அம்மான் விடவில்லை. ஆறாம் பாட்டு வந்தது. திருநாமத்துக்கு முன்னே தெளிவாக ஒரு மூச்சு; பின்பு நாமம் முறியாமல் முழுதாய் நின்றது. நாம் மாணவரைப் பார்த்துத் தலையசைத்தோம்.

ஒன்பதாம் பாட்டில் அம்மான் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இதிலையும் ஒண்டு கிடக்கு. அடுத்த செவ்வாய் வாரும், தம்பி. அந்தக் கண்டிப்பானதை மாத்திரம் கொண்டு வாரும்.”