ஃப்ரேமிங்ஹாம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நன்றி



இன்று ஒரு ஊரைப் பற்றி எழுதப் போகிறேன். நான் அங்கே போனதில்லை. ஆனால் தினமும் ஓபியில் பிரஷர் மாத்திரை எழுதும்போது அந்த ஊர் ஜனங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் புறநகர். பெயர் ஃப்ரேமிங்ஹாம்.

1692ல் அதே மாநிலத்தின் சேலத்தில் (நம்ம மாம்பழச் சேலம் இல்லைங்க) சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி மக்களைத் தூக்கில் போட்டார்கள். அதில் தப்பிப் பிழைத்த சில குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. "சேலம் எண்ட் ரோடு" என்று இன்றும் அங்கே ஒரு சாலை இருக்கிறது.

1700ல் முறைப்படி ஊரானது. பிறகு ஆலைகள் வந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை, 1951ல் ஷாப்பர்ஸ் வேர்ல்ட் என்ற பெரிய வணிக வளாகம். பாஸ்டன்காரர்கள் வீடு வாங்கிக் குடிவரும் ஊராக வளர்ந்தது.

சரி, இதுக்கும் நம்ம பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

1945 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். அன்று அவருடைய பிரஷர் 300/190. நாட்டின் அதிபருக்கே அதற்குச் சரியான மருந்து இல்லை. வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று மருத்துவர்களே பலர் நம்பிய காலம் அது.

மாரடைப்பு யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது? இதைக் கண்டுபிடிக்க ஒரு ஊரையே வருஷக்கணக்கில் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

ஃப்ரேமிங்ஹாமைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருந்தது. 1917 முதல் 1923 வரை அங்கே காசநோய்க்கான பெரிய பரிசோதனைத் திட்டம் நடந்தது. அதற்கு ஊரே ஒத்துழைத்திருந்தது.

1948ல் ஆய்வு ஆரம்பம். அப்போது ஊரின் ஜனத்தொகை சுமார் 28,000. அதில் 30 முதல் 62 வயது வரை 5,209 பேர். அந்தக் காலத்திலேயே பாதிக்கு மேல் பெண்கள்.

இவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. இருந்தும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தார்கள். ரத்தம் கொடுத்தார்கள், ஈசிஜி எடுத்துக்கொண்டார்கள், எத்தனை சிகரெட் பிடிக்கிறோம் என்று உள்ளதைச் சொன்னார்கள். பதிலுக்கு சிகிச்சையோ காசோ கிடைக்கவில்லை.

அவர்களில் யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் புகை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் குற்றவாளிகள் என்று தெரிந்தது. 1961ல் வந்த அவர்களது கட்டுரைக்குப் பிறகுதான் "ரிஸ்க் ஃபேக்டர்" என்ற சொல்லே மருத்துவத்தில் பரவியது. 1970ல் பிரஷருக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பையும் காட்டினார்கள்.

எம்பிபிஎஸ்ஸில் எஸ்பிஎம் பாடத்தில் இது எங்களுக்கு முக்கியமான கேள்வி. நான் நல்லா எழுதி மார்க் வாங்கினேன்.

அந்த வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு ஒரு கேம்ப்பில் 170/110 என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்று மாசம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார். "நல்லாத்தானே இருக்கேன்" என்பது அவர் நினைப்பு.

நான்கு நாள் ஒரே வீட்டில் இருந்தேன். "மாத்திரை சாப்பிடுறியாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் ஃபைனல் இயர் படிக்கும்போது பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போனது. அப்போது வயது 51. இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார். என் பெயரைக் கடைசி வரை அவரால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா. பிரஷர் 180/100.

"ஒண்ணும் பண்ணல தம்பி. வயசோட நூறைக் கூட்டிக்கணும்னு சொல்றாங்க. எனக்கு சரியாத்தானே இருக்கு?"

வரிசையில் எண்பது பேர் நிற்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா ஞாபகம்தான் வந்தது.

"அம்மா, ஒண்ணும் பண்ணாம இருக்கும்போதே சாப்பிடுறதுக்குத்தான் இந்த மாத்திரை. பண்ண ஆரம்பிச்சா நீங்க இங்க நடந்து வர மாட்டீங்க, தூக்கிட்டு வருவாங்க" என்றேன்.

ஃப்ரேமிங்ஹாமில் செக்கப்புக்கு வந்தவர்களும் "ஒண்ணும் பண்ணல" என்று இருந்தவர்கள்தான். அப்படிப்பட்டவர்களில் யாரெல்லாம் பின்னால் விழுந்தார்கள் என்ற கணக்குதான் இன்று நம் கையில் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த முதல் குழுவில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். நம் மக்களுக்கு மாரடைப்பு ஐந்து வருஷம் போல முன்னதாகவே வருகிறது. அவர்கள் கணக்கை அப்படியே நமக்குப் போட்டால் ஆபத்து குறைவாகத் தெரியும்.

அவர்களும் இதை உணர்ந்தார்கள். ஊர் மாறியிருந்தது. கார் தொழிற்சாலை 1989ல் மூடப்பட்டது. பிரேசிலில் இருந்து நிறையப் பேர் வந்து குடியேறினார்கள். 1994ல் பிற இனத்தவரைச் சேர்த்துப் புதிய குழு தொடங்கினார்கள். 2018ல் நகரமாக மாறிய ஃப்ரேமிங்ஹாமில் இப்போது 70,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். முதலில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூட ஆய்வில் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்.

இன்று ராத்திரி அப்பா அம்மாவுக்கு ஃபோன் செய்யுங்கள். "சாப்டியா?" என்று கேட்ட கையோடு "மாத்திரை சாப்டியா?" என்றும் கேளுங்கள். 30 வயது தாண்டியிருந்தால் உங்கள் பிரஷரையும் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.