படிப்போரைத் தேடி

எழுதுவது ஒருவர் செயல். படிக்கப்பெறுவது இருவர் செயல். எழுதுகின்றவன் ஒரு கரையில் நிற்கின்றான். படிக்கின்றவன் மறுகரையில் நிற்கின்றான். இடையே ஓடும் ஆற்றைக் கடக்க ஓடம் ஒன்று வேண்டும். உழவன் விளைத்த நெல் களத்திலேயே கிடந்தால் எவர் பசியும் தீராது. அவ்வாறே பெட்டிக்குள் உறங்கும் எழுத்தும் எவருக்கும் பயன்படாது. ஆகவே, "நான் எழுதியதைப் படிப்பவர் யார்? அவரை எங்ஙனம் பெறுவது?" என்னும் கேள்வி எழுதுகோல் பிடித்தவர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண, என் இளமையில் நண்பர் மூவரும் நானும் முயன்றதுண்டு. அம்முயற்சியில் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுவேன்.

விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் திருவக்கரை. சந்திரமௌலீசுவரர் கோயிலும், அங்குள்ள வக்கிரகாளியம்மன் சந்நிதியும் அவ்வூருக்குப் புகழ் தருவன. ஊரை அடுத்த செம்மண் மேடுகளிலே கல்லாய் மாறிய மரங்கள் கிடக்கின்றன. அவ்வூரில் நாங்கள் நால்வரும் திங்கள் ஏடு ஒன்றைக் கையால் எழுதி வெளியிட்டோம். அச்சிடப் பொருள் இல்லாமையால் ஒரே ஒரு படிதான் எழுதினோம். அதனை ஒரு தேநீர்க் கடையில் செய்தித்தாளின் அருகே நூலில் கோத்துத் தொங்கவிட்டோம். படித்தவர் கையொப்பம் இடுவதற்காக இறுதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தோம். முதல் திங்களில் கிடைத்த கையொப்பங்கள் பன்னிரண்டு. அவற்றுள் நான்கு எங்களுடையவை. இரண்டு எங்கள் தந்தையருடையவை!

எங்களூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் சென்று எங்கள் குறையைக் கூறினோம். அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிகளே, படிக்காதவரைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். படித்தவர் ஏன் படித்தார் என்று கேட்டீர்களா? வந்தவரை அறிந்துகொண்டால்தான் வராதவரை அழைக்கும் வழி தெரியும்" என்றார். பின்பு அவர் உ. வே. சாமிநாதையரின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய காலத்தில், சீவக சிந்தாமணியின் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, அச்சிட முற்பட்டார். காகிதத்திற்கும் அச்சுக்கும் பெரும்பொருள் வேண்டியிருந்தது. அந்நூலோ பலர் பெயரளவில் மட்டுமே கேள்வியுற்ற நூல். ஐயர் மனம் தளரவில்லை. அக்கால வழக்கப்படி, நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகக் கையொப்பம் இட்டுத் தருவோரை நாடிச் சென்றார். நூலின் பெருமையை எடுத்துச் சொன்னார். ஒவ்வொருவராக ஆதரவு திரட்டினார். 1887 ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறி வெளிவந்தது. கடல்போன்ற கல்வியுடைய ஐயரே படிப்போரைத் தேடி வீட்டுப்படி ஏறினார் என்றால், நாம் கடைச் சுவரில் ஏட்டைத் தொங்கவிட்டுக் காத்திருத்தல் போதுமா?

அன்று முதல் மாலை வேளைகளில் நாங்கள் ஏட்டை எடுத்துக்கொண்டு தெருத் திண்ணைகளுக்குச் சென்றோம். எழுத்தறியாதவருக்குப் படித்துக் காட்டினோம். எந்தப் பகுதியில் அவர்கள் நிமிர்ந்து அமர்கின்றனர், எந்தப் பகுதியில் கொட்டாவி விடுகின்றனர் என்பதைக் கண்ணாரக் கண்டோம். ஒருநாள் மூதாட்டி ஒருவர், "அடுத்தது எப்போது ஐயா வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்களுக்கு ஒரு கையொப்பத்தினும் பெரிதாகத் தோன்றியது. "பௌர்ணமிக்கு வரும், ஆத்தா" என்று கூறினோம். திருவக்கரையில் பௌர்ணமிதோறும் அம்மனை வழிபட வெளியூர்களிலிருந்து மக்கள் திரண்டு வருவர். ஆதலால் அந்நாளே ஏடு வெளிவரும் நாள் ஆயிற்று. முழுமதி நாள் தவறுவதில்லை. எங்கள் ஏடும் நாள் தவறலாகாது என்று உறுதி பூண்டோம். குறித்த நாளில் வருவான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் விருந்தினனுக்காக உலை வைப்பார்கள். எழுதுபவனும் படிப்பவர் வீட்டு விருந்தினனே அல்லனோ?

திருவக்கரைக்கு அண்மையில் உள்ள பெரிய நகரம் புதுச்சேரி. பாரதியார் அங்கே வாழ்ந்த காலத்தை ஆசிரியர் எங்களுக்கு நினைவூட்டினார். 1906 ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய 'இந்தியா' என்னும் வார ஏடு, ஆங்கில அரசின் அடக்குமுறையால் 1908 ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அவ்வேட்டில் கேலிச்சித்திரங்கள் இடம்பெற்றன. தமிழ் இதழ்களில் அரசியல் கருத்தைச் சித்திரத்தால் உணர்த்துவதற்கு அதுவே வழிகாட்டி. நீண்ட கட்டுரையைப் படிக்க இயலாதவனும் ஒரு படத்தைக் கண்டு கருத்தை உணர்ந்துகொள்வான்; உணர்ந்தபின் அருகிலுள்ள எழுத்தையும் அறிய விரும்புவான். எளிமை என்பது தாழ்வன்று. அது வாயிற்கதவைத் திறந்து வைத்தலே ஆகும். எங்களுள் ஒருவன் ஓவியம் வல்லவன். அடுத்த ஏட்டின் முகப்பில் ஊரின் வரைபடத்தை அவன் தீட்டினான். தங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுவதற்காகவே பலர் கடைக்கு வந்தனர். வந்தவர் பக்கத்தையும் புரட்டினர்.

பாரதியாரின் ஏட்டுக்கு நேர்ந்தது என்ன? ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் அது நுழையாதவாறு அரசு தடுத்தது. வாசகர் இருந்தும் அவர்களை அடையும் வழி அடைபட்டது. 1910 ஆம் ஆண்டில் ஏடு நின்றது. பின்னர், 1920 ஆம் ஆண்டில், தம் படைப்புகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பதினாயிரம் படிகள் வீதம் அச்சிட வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். உதவி வேண்டித் தமிழன்பர்களுக்கு வேண்டுகோளும் விடுத்தார். அத்திட்டம் கைகூடவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார். ஆயினும் 1949 ஆம் ஆண்டில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக் காலத்தில், பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசே பெற முடிவு செய்தது. பின்னர் அவற்றை எவரும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது. இன்று அவர் பாடல் ஒலிக்காத பள்ளி தமிழகத்தில் உண்டோ? வாசகர் கூட்டம் காலந்தாழ்ந்து வருவதும் உண்டு. ஆதலின் இன்றைய எண்ணிக்கை ஒன்றையே கொண்டு எழுத்தின் தகுதியை அளத்தல் பொருந்தாது.

இனி, எதனை எழுதுவது? வெளியூரார் எழுத முடியாத ஒன்று எங்கள் கண்முன் கிடந்தது. அதுவே கல்மரம். 1781 ஆம் ஆண்டிலேயே சொன்னெரா என்னும் ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் அக்கல்மரங்களைப் பற்றிக் குறித்து வைத்தார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் 247 ஏக்கர் பரப்பில் அங்கே கல்மரப் பூங்கா அமைந்துள்ளது. அம்மரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வேரும் கிளையும் இன்றி அடிமரங்களாகவே கிடப்பதால், அவை வேறிடத்திலிருந்து வெள்ளத்தால் அடித்துக்கொண்டு வரப்பட்டு மணலில் புதையுண்டவை என்று அறிஞர் கருதுகின்றனர். மண்ணில் ஊறிய நீரில் கரைந்திருந்த மணற்சத்து, மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிந்து, மரத்தைக் கல்லாக்கியது. ஆண்டு வளையங்களும் மரப்பட்டையின் வரிகளும் மாறாமல் நிலைத்தன. புளியமரம், ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களும் அவற்றுள் உண்டு.

இச்செய்திகளைத் திங்கள்தோறும் பகுதி பகுதியாக எழுதினோம். அன்றாடம் ஆடு மேய்க்கையில் காலில் இடறிய கல்லுக்கு இவ்வளவு வரலாறா என்று ஊரார் வியந்தனர். சிலர் எங்களைத் திருத்தினர்; சிலர் தாங்கள் அறிந்ததைக் கூறி எழுதச் சொன்னார்கள். கேட்போராக இருந்தவர்கள் கூறுவோராகவும் மாறினர். கையொப்பங்கள் ஐம்பதைக் கடந்தன.

அவ்வேளையில் சோதனை ஒன்று வந்தது. அன்பர் ஒருவர் எங்களிடம் வந்து, "கல்மரத்தின் அடியில் புதையல் உண்டு என்று எழுதுங்கள், பத்து ஊர் திரண்டு வந்து உங்கள் ஏட்டைப் படிக்கும்" என்றார். எங்களுள் அழகிய கையெழுத்து உடைய நண்பன் அக்கருத்தில் மயங்கினான். "கதை என்று எழுதுவோம், என்ன கெட்டுவிடும்?" என்று வாதிட்டான். ஆற்று மணலில் அமர்ந்து இரவு நெடுநேரம் பேசினோம். "வாசகர் திரண்டு வருவர், ஆனால் கையில் கடப்பாரையோடு வருவர்" என்றான் ஓவிய நண்பன். இரண்டு கோடி ஆண்டு நிலைத்த மரம் ஒரே இரவில் தூளாகிவிடும். அதன்பின் நாங்கள் எழுதும் உண்மையையும் ஒருவர் நம்பார். புதையல் கதையை எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். கையெழுத்து நண்பன் வருந்தி விலகினான். அத்திங்கள் ஏடு என் கோணல் எழுத்திலேயே வெளிவந்தது. ஆயினும் பௌர்ணமி தவறவில்லை. அடுத்த திங்கள் அவன் தானே வந்து, ஒன்றும் பேசாமல், எழுதுகோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

கூட்டத்தைப் பெரிதென மதியாத ஒருவரை இங்கே நினைத்தல் தகும். அவர் வத்தலக்குண்டைச் சேர்ந்த சி. சு. செல்லப்பா. 1959 ஆம் ஆண்டில் 'எழுத்து' என்னும் ஏட்டைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்களை வெளியிட்டார். அதனைப் படித்தோர் தொகை சிறிது. ஆயினும் அவர் படிப்போரைக் கவர்வதற்காகத் தம் கொள்கையைத் தளர்த்தவில்லை. படிப்போரைத் தேடிச் செல்லவும் தயங்கவில்லை. தாம் வெளியிட்ட நூல்களைக் கட்டாகக் கட்டித் தாமே சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவரிடமும் ஆசிரியரிடமும் விற்றார். தமிழில் புதுக்கவிதை வேரூன்றுவதற்கு அச்சிற்றேடு நிலமாயிற்று. நாற்றங்கால் சிறிதுதான், ஆனால் வயல் முழுவதற்கும் நாற்றுத் தருவது அதுவேயன்றோ?

எங்கள் ஏடு இரண்டாண்டுகள் நடந்தது. பின்பு நாங்கள் தொழில் தேடிப் பல ஊர்களுக்குப் பிரிந்தோம். இறுதி ஏட்டில் இருந்த கையொப்பங்கள் நூற்றினும் சற்று மிகுதி. ஆனால் என் நெஞ்சில் நிலைத்தது வேறொன்று. கல்மரத்தைப் பெயர்த்தெடுத்தல் தகாது என்று எழுதிய திங்களில், ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தேநீர்க் கடைக்கு வந்தான். அவன் கையில் உள்ளங்கை அளவுள்ள கல்மரத் துண்டு ஒன்று இருந்தது. "அண்ணா, இதை விளையாட எடுத்து வைத்திருந்தேன். எடுத்த இடத்திலேயே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டான். அவனுக்குக் கையொப்பம் இடத் தெரியாது. அவனுடைய அக்காள் படித்துச் சொல்லக் கேட்டவன் அவன். எங்கள் கணக்கில் ஏறாத அவ்வாசகனே எங்கள் உழைப்பிற்குப் பயனாய் வந்தவன்.

மாணவர்களே! இன்று எழுதுவதற்குத் தாளும் மையும் வேண்டுவதில்லை. கையடக்கக் கருவி ஒன்றிருந்தால் நீங்கள் எழுதியது நொடிப்பொழுதில் கடல் கடந்து செல்லும். எத்தனைபேர் கண்டனர் என்ற கணக்கையும் அக்கருவியே காட்டும். கருவி மாறியது, கடமை மாறவில்லை. நீங்கள் நன்கறிந்ததை எழுதுங்கள். எளிய வாயில் வைத்து எழுதுங்கள். சொன்ன நாளில் தவறாது எழுதுங்கள். படிப்பவர் வரட்டும் என்று காத்திராமல் அவரிடம் செல்லுங்கள். அவர் சொல்வதையும் செவிமடுங்கள். கூட்டத்தை விரும்பிப் பொய்யை எழுதாதீர்கள். எத்தனைபேர் படித்தனர் என்று ஒருமுறை எண்ணினால், படித்தவர் என்ன ஆயினர் என்று இருமுறை எண்ணுங்கள். அவ்வாறு எழுதுபவனுக்கு வாசகர் சிலராயினும் உறவினராய் வாய்ப்பர். அவ்வுறவே எழுத்தின் உயர்ந்த ஊதியம் ஆகும்.