கூடாரத்துக்குள் ஒரு வயர்

2006 ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூரில் சண்டை மூண்டது. ஷெல்லுக்குத் தப்பிய முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு வந்து சேர்ந்தார்கள். பாடசாலைகளில் இடம் போதவில்லை. வெளியே தறப்பாள் கூடாரங்கள் எழும்பின. நான் அப்போது விஞ்ஞானம் படிப்பிக்கும் இளம் வாத்தியார்.

எங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் எட்டுக் கூடாரத்தார் சேர்ந்து கொஞ்சம் காசு போட்டிருந்தார்கள். கார் பட்டறியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டீவியொன்றை ஊர்க் கடைக்காரர் ஒருவர் இரவலாகத் தந்திருந்தார். அதற்கு அன்டனா வாங்குவதா, அல்லது இருக்கிற ரேடியோவுக்கு நீள வயரும் பட்டறிகளும் வாங்குவதா என்பதுதான் பேச்சு. "சேர் சொல்லட்டும்" என்றார்கள்.

இளைஞர்களுக்கு டீவி வேண்டும். தென்னாபிரிக்க அணி நாட்டில் நின்ற நேரம். ஜூலைக் கடைசியில் சங்கக்காரவும் மஹேலவும் சேர்ந்து 624 ஓட்டங்கள் குவித்த சூடு இன்னும் தணியவில்லை. ரேடியோ கேட்டவர் ஒருவர்தான். தோணியையும் வலையையும் விட்டுவிட்டு, ரேடியோவை மட்டும் சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்த முதியவர்.

"சேர், இந்த வேம்புல ஒரு வயரை இழுத்துக் கட்டினா லண்டன் துப்புரவாக் கேக்கும்."

"தேவையில்ல மாமா. ரேடியோவுல இருக்கிற கம்பியே போதும். வயரால பெரிய வித்தியாசம் வராது."

நான் சொன்னது பொய். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பித் தூரத்தில் இறங்குவது. எங்கள் மாவட்டத்திலேயே, திருகோணமலைக்கு வடக்கே, 1984 முதல் ஜேர்மன் வானொலியின் பெரிய அஞ்சல் நிலையம் இருந்தது. அதன் சிற்றலை எங்கள் தலைக்கு மேலால் வேறு தேசங்களுக்குப் போகும். லண்டனிலிருந்து வருவது எங்களுக்கு எட்டும். ஆனால் எட்டும்போது மெலிந்துதான் வரும். அதைப் பிடிக்க ஒரு முழக் கம்பி போதாது. பத்து மீற்றர் வயர் வேண்டும்.

எனக்குப் பயம். அந்த நாட்களில் மரத்திலிருந்து தொங்கும் நீள வயரைக் கண்டால் "யாரோடு பேசுகிறாய்?" என்று கேட்பார்கள். அது கேட்கிற வயர், பேசுகிற வயரல்ல என்பதை நள்ளிரவில் டோர்ச் வெளிச்சத்தில் யாருக்கு விளக்குவது? பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு விஞ்ஞானத்தைச் சொன்னேன்.

மீன்முள் அன்டனாவோ எல்லாக் கூரையிலும் நிற்பது, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அதையே வாங்கினோம். பீதுருதாலகாலை எங்களுக்கு ஏறக்குறையத் தெற்கு. குழாயைத் திருப்பித் திருப்பித் தெற்கே பார்க்க வைத்தோம். படம் புள்ளிபுள்ளியாக விழுந்தது. மூன்றாம் இரவு பட்டறி இறங்கிவிட்டது. சார்ஜ் பண்ணக் காசில்லை.

முதியவர் மட்டும் ஒவ்வோர் இரவும் ஒன்பதேகாலுக்கு ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு தமிழோசைக்காகக் காத்திருப்பார். மழை இரைவது போல் ஒரு சத்தம்தான் வரும்.

சில நாட்களில் முகாமில் ஒரு கதை பரவியது: ஊர் சரியாகிவிட்டது, திரும்பலாம் என்று. முதியவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வாய் சொன்னதைக் கேட்டு ஓடி வந்தோம் சேர். இன்னொரு வாய் சொல்லாம எப்பிடித் திரும்புறது?"

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது உறக்கத்திலேயே வெள்ளத்தில் போனவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நான். செய்தி நேரத்துக்கு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மறுநாள் விஞ்ஞான அறையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட செப்பு வயரை எடுத்துப் போனேன். மரத்தில் கட்டவில்லை. கூடாரத்துக்குள்ளேயே முகட்டுக் கம்பை ஒட்டி இழுத்து, அடுத்த கூடாரத்துக்குள்ளும் கொண்டுபோய்க் கட்டினோம். தகரக் கூரை அலையை மறிக்கும், தறப்பாள் மறிக்காது. இரும்புக் கம்புகளில் படாதபடி நைலோன் கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு நுனியை ரேடியோக் கம்பியில் சுற்றினேன். இது முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய வழி. பயந்தவன் யோசிப்பதில்லை.

ஒன்பதேகாலுக்கு இரைச்சல் விலகியது. எட்டுக் கூடாரத்தாரும் வாசலில் குந்தியிருந்தார்கள். மூதூர் என்ற சொல் விழுந்ததும் பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். போவதா, நிற்பதா என்று அந்தக் குரல் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுந்த கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு கதை கிடைத்தது. அதன் பிறகு பேச்சு நிதானமாக நடந்தது.

செப்டம்பரில் திரும்பிப் போனார்கள். பஸ்ஸில் ஏறுமுன் முதியவர் வயரைச் சுருட்டி என் கையில் தந்தார்.

"ஸ்கூல் சாமான், சேர். வித்தியாசம் வந்திச்சுதானே?"

சிரித்தபடிதான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜேர்மன் நிலையம் 2013-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குக் கைமாறியது. தமிழோசையின் சிற்றலையும் 2017-இல் நின்றது. இப்போது செய்தி கைபேசியில் வருகிறது, வாய்களும் கூடிவிட்டன. அலைகள் பற்றிய பாடம் வரும்போது அந்த வயரை வகுப்புக்குக் கொண்டுபோவேன். அதன் நீளத்தைப் பிள்ளைகளை அளக்கச் சொல்வேன். பிறகு, பத்து மீற்றர் வயரால் வித்தியாசம் வராது என்று ஒரு வாத்தியார் ஒருமுறை சொன்ன கதையையும் சொல்வேன். அந்த வாத்தியார் யாரென்று அவர்கள் கேட்பார்கள். சொல்லிவிடுவேன்.