நீர் செதுக்கிய பாலை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரீன் ரிவர் முதல் சலைனா வரை ஏறத்தாழ 177 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஊரோ எரிபொருள் நிலையமோ இல்லை. அவ்வழியே மோட்டார் சைக்கிளில் தனியே சென்றேன். பாலையின் வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். உடல் நீரிழப்பது புலப்படாது. ஆகவே, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குறித்த நேரந்தோறும் நின்று நீர் பருகினேன்.

சான் ரஃபேல் மேட்டுநிலத்தில் பாறைச் சுவர்கள் இருபுறமும் ஓங்கி நின்றன. அங்குள்ள பள்ளத்தாக்குகளைக் குடைந்ததும் நீரே. தொலைவில் பெய்யும் மழை, இங்கு வானம் தெளிந்திருக்கும்போதே வறண்ட ஓடையில் வெள்ளமாய்ப் பாயும். எனவே, நிழல் அழைத்தும் ஓடைகளில் நான் தங்கவில்லை. நீரே காணாத நிலத்தில் நாள் முழுதும் நீரையே எண்ணியிருந்தேன். ஆளரவமற்ற அவ்வழியில் அந்த விழிப்பே எனக்குத் துணையாயிற்று.