குடலுக்குரிய பங்கு

புற்றுநோய்க்கு அரபு மொழியில் ‘சரத்தான்’ என்று பெயர். நண்டு என்பதும் அச்சொல்லின் பொருளே. தமிழர் அதனைப் புற்று என்றனர். வளைக்குள் நண்டும் புற்றுக்குள் கறையானும் கண்ணில் படாமல் இயங்குவன. பெருங்குடலில் தோன்றும் புற்றும் அவ்வாறே பல்லாண்டுகள் வெளித்தெரியாமல் வளரும்.

நாம் வாழும் திருத்தணி, ஆந்திர எல்லையை அடுத்தது. இப்பகுதி மூத்தோர் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் உண்டு வளர்ந்தவர்கள். இன்று நம் இல்லங்களில் பெரிதும் தீட்டிய அரிசியே, விருந்தென்றால் பிரியாணி. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராமும் இல்லை.

நார் நமக்குச் செரிப்பதில்லை. பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவு. அவை அதனை நொதிக்கச் செய்து ‘பியூட்டிரேட்’ என்னும் பொருளைத் தருகின்றன. குடலின் உட்சுவர் அதனால் ஊட்டம் பெறுகிறது, அழற்சியும் தணிகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆப்பிரிக்க வமிசத்து அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கச் சிற்றூரார் 20 பேரும் இரு வாரங்கள் உணவு முறையை மாற்றிக்கொண்டனர். நார் மிகுந்த உணவுக்கு மாறிய அமெரிக்கரிடம் பியூட்டிரேட் பெருகி அழற்சி குறைந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு மாறியோரிடம் நேர்மாறாயிற்று. இரு வாரங்களில் நோய் விலகிற்று என்பதன்று இதன் பொருள். உண்பதற்கேற்பக் குடல் அத்துணை விரைவில் மாறுகிறது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்று விளைவிக்கும் பொருளாக வகுத்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டுவந்தால் குடற்புற்றின் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. உப்பிட்டு வைப்பதும் பதப்படுத்துதலே. ஆகவே, குர்பானிக்குப் பின் நம் வீடுகளில் போடும் உப்புக்கண்டத்தையும் அவ்வரிசையில் வைத்தே எண்ணவேண்டும். ஹலாலான இறைச்சியையும் அளவோடு உண்பதே மார்க்கம் காட்டும் நெறி.

குர்பானி இறைச்சியில் உறவினர்க்கும் ஏழையர்க்கும் பங்கு வைக்கிறோம். அன்றாட உணவில் கீரை, பயறு, சிறுதானியம் என்று குடலுக்கும் அதன் பங்கை வைப்போமாக.

இன்னும் ஒன்று. மலத்தில் குருதி கண்டால் மூலமென்று தாமே முடிவுகட்டி, நாணத்தால் மறைப்போர் நம்மிடையே உள்ளனர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணமாகும் நோய் இது. தூய்மையின் சட்டங்களைக் கற்பிக்கையில் உடற்கழிவுகளைப் பற்றி மத்ரஸாவில் ஒளிவின்றிப் பேசுகிறோம். மருத்துவர் முன் மட்டும் நாணுவது ஏன்?