இரண்டு ஆம்ப், ஒரு பேஸ்

ஆடி பிறந்துவிட்டால் சேத்துப்பட்டு, ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. பகலில் அம்மனுக்குக் கூழ் வார்த்தால், பொழுது சாய்ந்ததும் ஏதாவது ஒரு தெருமுனையில் பாட்டுக் கச்சேரி. முன்வரிசையில் பாடகர்கள், பக்கத்தில் கீபோர்டு, ரிதம் பேட், தபலா. பின்னால் டிரம்ஸ். அந்த டிரம்ஸுக்கு ஒட்டினாற்போல், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில் நிற்பவர்தான் பேஸ் கிட்டார்காரர். கைத்தட்டல் அவர்வரை வந்து சேர்வது அபூர்வம். புகார் மட்டும் தவறாமல் அவரிடமிருந்து போகும்.

“அண்ணே, மேடையில பேஸ் சுத்தமா கேக்கல.”

“வெளியில அதிருது தம்பி. நீ பாட்டுக்கு வாசி.”

மைக்செட்காரர் சொல்வது பெரும்பாலும் உண்மை. கூட்டத்தைப் பார்த்திருக்கும் பெரிய பாக்ஸ்களின் முதுகுதான் மேடைக்கு. இருந்தாலும் தான் வாசிப்பது தன் காதில் விழாதவருக்குச் சுருதியும் காலப்பிரமாணமும் எப்படிப் பிடிபடும்? அதனால் அடுத்த கச்சேரிக்கு இன்னொரு ஆம்ப் வாடகைக்கு எடுத்து, இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்ற யோசனை வருகிறது. உலகம் முழுக்க பேஸ்காரர்களுக்கு வந்த யோசனைதான் இது. இரண்டு ஆம்ப் வைத்தால் சத்தம் இரண்டு மடங்காகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில்தான் கோளாறு.

சத்தத்தை அளக்கும் டெசிபல் கூட்டல் கணக்கில் நடப்பதில்லை. 300 வாட் ஆம்பை எடுத்துவிட்டு அதே ஸ்பீக்கருக்கு 600 வாட் கொடுத்தால் கூடுவது 3 டெசிபல். உன்னிப்பாகக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். வாட்டை மட்டும் நம்பினால் 300 வாட் 3000 வாட்டாக வேண்டும்.

இரண்டாவது ஆம்ப் தனக்கென்று ஒரு ஸ்பீக்கர் பாக்ஸோடு வரும்போது நிலைமை சற்று மேல். ஒரே மாதிரியான இரண்டு பாக்ஸ்கள் ஒட்டி நின்று, ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகக் காற்றைத் தள்ளினால் மொத்தம் 6 டெசிபல் வரை கிடைக்கும். பாதி, கூடிய வாட்டால் வருவது. மீதி, இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து தள்ளுவதால் வருவது. கீழ்ச்சுரங்களில் காதின் இயல்பால் அந்த 6 டெசிபல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். நெஞ்சில் ‘அடி’ விழுகிறது என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான்.

பேஸுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் இதே வட்டாரத்துத் தெருக்கூத்தைப் பார்க்கலாம். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் ஊதும் முகவீணை ஒரு முழத்துக்கும் குறைவான குழல்தான். மின்சாரமே இல்லாத காலத்தில் அது விடிய விடியக் கூட்டத்தின் கடைசி வரிசைவரை எட்டியது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது விநாடிக்கு இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் அதிர்வுகள் கொண்ட ஒலிகளை. கீச்சென்ற குழலின் வலிமை ஏறக்குறைய அந்தப் பக்கம் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி அதிர்வதோ விநாடிக்கு 41 தடவை. சாதாரணப் பேச்சின் அளவில் ஒலிக்கும் நடுத்தரச் சுரத்துக்குச் சமமாக இது காதில் விழ 30 டெசிபலுக்கு மேல் கூடுதலாகத் தர வேண்டும். 30 டெசிபல் என்பது ஆயிரம் மடங்கு சக்தி. குழல்காரர் மூச்சால் முடிப்பதைப் பேஸ்காரர் டெம்போ வண்டியில் ஏற்றி வர வேண்டியிருப்பது இதனால்தான்.

மேலை நாட்டு ராக் குழுக்கள் இந்த வழியில் எல்லை வரை போய்ப் பார்த்தவை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப். அதற்கென்று எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெரிய பெட்டி. ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசில் மார்ஷல் ஆம்ப்களை அடுக்கி வைத்து பேஸ் வாசித்தவர். அந்தக் குழு 1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் எழுப்பிய சத்தம் 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் என்று பதிவாகி, கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. கேட்கும் திறனுக்குக் கேடு என்று கின்னஸ் பின்னாளில் அந்தப் பிரிவையே கைவிட்டது. அமெரிக்காவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழு 1974-இல் ஸ்பீக்கர்களை அடுக்கிக் கட்டிய ஒலிச்சுவரில் பில் லெஷின் பேஸுக்கு ஒவ்வொரு தந்திக்கும் தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர். ஏற்றி இறக்கி மாளாமல் அதே ஆண்டில் அந்தச் சுவரை மூட்டை கட்டினார்கள்.

நம் மேடைக்கு அந்த அசுர பலம் வேண்டியதில்லை. தெளிவு வேண்டும். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்ததற்குப் பிறகு தமிழ்க் காதுக்குப் பேஸ் வெறும் தாளத் துணை இல்லை. கிட்டார்காரராக இருந்து இசையமைப்பாளரான இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டோடு ஓடும். அந்த ஓட்டத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் ரசிகர்கள் சேத்துப்பட்டிலும் உண்டு. ‘தும் தும்’ என்று அதிர்வு மட்டும் வந்து எந்தச் சுரம் என்று புரியாமல் போனால், அவர்களுக்குப் பாட்டில் பாதி போனது போலத்தான்.

இரண்டு ஆம்ப் வைத்தவர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ஒரு ஆம்பில் அருமையாக இருந்த பேஸ், இரண்டாவதைப் போட்டதும் மெலிந்து சவசவ என்றாகிவிடும். காரணம் எளிது. ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. ஏற்றம் ஒன்றில் இருவர் எதிரெதிராக மிதித்தால் தண்ணீர் ஏறாது. பாக்ஸுக்குள் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். வேறு வேறு கம்பெனி ஆம்ப் என்றால் உள்ளேயே ஒன்று தலைகீழாகப் புரட்டி அனுப்பலாம். சோதிக்கும் விதம் இது. பாக்ஸ் இரண்டையும் ஒட்டி வைத்து, அடித்தந்தியைத் திறந்தபடி மீட்டி, முதலில் ஒன்று, பிறகு இரண்டும் என்று கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தபோது அடி குறைந்தால் ஒரு பாக்ஸுக்குப் போகும் ஒயரின் இரு முனைகளை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. பாக்ஸ் மட்டும் சந்தேகம் என்றால் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி அதன் முனைகளில் தொட்டாலே போதும். பிளஸ்ஸுக்குப் பிளஸ் பட்டதும் கூம்புக் காகிதம் வெளியே எழும்ப வேண்டும்.

அடுத்த சிக்கல் இடம். அழகுக்காக மேடையின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று வைப்பதுண்டு. அடித்தந்தியின் அலைநீளம் சுமார் 8.3 மீட்டர். ஒரு பாக்ஸிலிருந்து வரும் ஒலி மற்றதைவிடப் பாதி அலைநீளம், அதாவது நாலு மீட்டர் சொச்சம், கூடுதலாக நடந்து வரும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு பாடகிக்கு இடி, பக்கத்துப் பாடகருக்கு வெறுமை. அதனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே நல்லது. மேல் பாக்ஸ் காது உயரத்துக்கு வந்துவிடுவதால் வாசிப்பவருக்குத் தன் விரல் தெளிவாகவும் கேட்கும்.

ஒயரிங்கில்தான் பணம் கரையும். கிட்டாரின் ஒலியை இரண்டாகப் பிரிப்பது ஆம்ப்களுக்கு உள்ளே போகும் முன்பு. கிட்டாரின் ஒலியை நேராக மைக்செட்டுக்கு அனுப்பும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸின் லிங்க் முனை அதற்குத் தோதானது. இரண்டு ஆம்ப்களின் ஸ்பீக்கர் அவுட்டை ஒரே பாக்ஸில் கொண்டு சேர்த்தாலோ, ஒன்றின் ஸ்பீக்கர் அவுட்டை மற்றதன் இன்புட்டில் சொருகினாலோ ஏதாவது ஒன்று புகையும். இரண்டு ஆம்புக்கும் கரண்ட் ஒரே போர்டிலிருந்து வருவது நல்லது. வேறு வேறு இடத்திலிருந்து எடுத்தால் எர்த் சுற்றி வந்து ‘உர்ர்’ என்று இரையும். நம் மின்சாரத்தின் துடிப்பு விநாடிக்கு 50. அடித்தந்தியின் மூன்றாம் கட்டையில் வாசிக்கும் சுரம் 49. இரைச்சல் சுரத்தின் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குவோர் உண்டு. தந்தியில் கையும் மைக்கில் உதடும் வைத்து வேலை செய்பவருக்கு அது உயிரோடு விளையாட்டு. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் அந்த வேலையை ஆபத்தில்லாமல் செய்யும்.

மேடைக்கு வெளியே சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக ஆண்டில் அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். பகலெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர் பத்து மணிக்குப் படுத்தால், சன்னலைச் சாத்தியும் அவரை எழுப்புவது பேஸ்தான். கீச்சொலியைச் சுவர் தடுக்கும், அடியொலியை அவ்வளவாகத் தடுக்காது.

வாசிப்பவரின் காதும் கணக்கில் வரும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்கு அனுமதி கால் மணி நேரம். டிரம்ஸுக்குப் பக்கத்தில் அதற்கு மேலேயே போகும்.

எனவே மேடையில் பேஸ் கேட்கவில்லை என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பாக்ஸை நாற்காலி உயரத்துக்குத் தூக்கி வைத்துப் பாருங்கள். அடுத்து, ஆம்ப் 4 ஓம் தாங்கும் என்றால் 8 ஓம் பாக்ஸ் இன்னொன்றை அதே ஆம்பில் சேருங்கள். பல ஆம்ப்கள் அப்போதுதான் முழு வாட்டையும் தரும். கூட்டத்துக்கான பேஸை டிஐ வழியாக மைக்செட்காரரிடம் விட்டுவிடுங்கள். இத்தனையும் போதாத பெரிய மேடைக்கு மட்டும் இரண்டாவது ஆம்ப் எடுங்கள். எடுத்தால், கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடித்தந்தியை மீட்டிப் பார்த்துவிடுங்கள்.