வராத படத்தின் முன்னோட்டம்

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் கரும்பேற்றிச் செல்லும் வண்டி. திரைப்பட விளம்பரத் துண்டுக்கு அப்பெயர் வந்த காரணமும் ஏறக்குறைய அதுவே. 1913-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நில்ஸ் கிரான்லண்ட் என்பவர், வரவிருந்த ஓர் இசை நாடகத்தின் ஒத்திகையைச் சிறு படமாக்கித் திரையரங்கில் காட்டினார். இத்தகைய துண்டுகள் தொடக்க நாள்களில் படம் முடிந்த பிறகே ஓடின. வாலாகப் பின்தொடர்ந்ததால் அவை டிரெய்லர் ஆயின. பின்னாளில் அவை படத்துக்கு முன்னே வந்துவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழோ அதற்கு ‘முன்னோட்டம்’ என்று பெயரிட்டது. முன்னே ஒருவர் ஓடினால் பின்னே ஒருவர் வருகிறார் என்ற வாக்குறுதி அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. நாங்கள் ஐவர் ஒருமுறை அந்த வாக்குறுதியைப் பொய்யாக்கினோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

காட்சித் தொடர்பியல் பயின்ற காலம் அது. எடுக்கப்படாத ஒரு படத்துக்கு இரண்டு நிமிட முன்னோட்டம் செய்து தரவேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட செய்முறைப் பணி. கோபியைத் தேர்ந்தோம். சின்னக் கோடம்பாக்கம் என்று பெயர் பெற்ற ஊர். கொடிவேரி அணையும், அங்கிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், அவற்றின் கரையோர நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் தமிழ்த் திரைக்கு நன்கு பழகியவை. அருகிலுள்ள வெள்ளாங்கோயிலில் பிறந்த இயக்குநர் பாக்யராஜின் ‘முந்தானை முடிச்சு’ (1983) இப்பகுதியில்தான் படமாயிற்று.

மகனால் கைவிடப்பட்ட தாய் என்பது எங்கள் கதை. தாயைத் தேடி வாய்க்கால் கரையோரம் நடந்தபோது, நாற்று நடும் கூலிவேலை செய்யும் ஓர் அம்மாவைக் கண்டோம். பல படங்களில் கூட்டத்தோடு நின்றவராம். “சினிமாக்காரங்களுக்கு நான் பழசு, கண்ணு” என்று சிரித்தார். இரண்டு நாள் அவர் வீட்டில் உண்டோம். அவர் பேசப் பேசப் பதிவு செய்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனைப் பற்றியே பெரும்பாலும் பேசினார். “சனிக்கிழமை வந்தான், எனக்குச் சீலை எடுத்துக் குடுத்தான், திங்கக்கிழமை விடிகாலைல போயிட்டான்” என்றார். அன்று காலை ஈர மட்டை வைத்து அடுப்பு மூட்டியதில் புகை சூழ, முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அதனையும் படம் பிடித்தோம்.

1920-ஆம் ஆண்டை ஒட்டி ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனையை வகுப்பில் பயின்றிருந்தோம். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடு சேர்த்துக் காட்டினால் பசி தெரிகிறது. சவப்பெட்டியோடு சேர்த்தால் துயரம் தெரிகிறது. நாங்கள் அந்த அம்மா கண் துடைப்பதை முதலில் வைத்தோம். அடுத்து, புழுதி கிளப்பிச் செல்லும் பேருந்து. பிறகு மூடிய கதவு. அவருடைய நீண்ட பேச்சிலிருந்து ‘போயிட்டான்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, புல்லாங்குழலோடு சேர்த்தோம். வகுப்பு கைதட்டியது. அதிக மதிப்பெண் எங்களுக்கே.

பெருமையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனை அவரிடம் காட்டச் சென்றோம். மடிக்கணினியைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடினர். மகனும் வந்திருந்தார். இரண்டு நிமிடம் ஓடி முடிந்தது. ஒருவரும் பேசவில்லை. மகன் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “நான் அழுகலியே கண்ணு, அது பொகையல்ல?” பின்னர் எங்கள் முகங்களைப் பார்த்து அவரே தேற்றினார்: “பரவால்ல. முழுப்படத்துல அவன் வந்துருவான்ல? படம் எப்பக் கண்ணு வரும்?”

படமே இல்லை என்று சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். “அப்ப எம்பையன் வரவே மாட்டானா?” என்றார்.

திரும்பும் பேருந்தில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. புகை உண்மை, பேருந்து உண்மை, அவர் சொன்ன சொல்லும் உண்மை. எதனையும் நாங்கள் புனையவில்லை. உண்மைகளை அடுக்கிய வரிசையில் பொய் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்பு பற்றிய ஆணை, செய்தி உண்மையாக இருப்பதோடு, நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டு முழுமையாகவும் இருக்கவேண்டும் என்கிறது. அந்த ‘முழுமை’ எதற்கென்று அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று. பாதி வாக்கியத்தால் ஒரு நல்ல மகனை ஊரார் முன் தலைகுனிய வைத்திருந்தோம்.

திருவருகைக் காலத்தில் திருமுழுக்கு யோவானைப் பற்றிய வாசகங்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வருகிறது. அவரும் ஒரு முன்னோடி. ‘நான் மெசியா அல்ல’ என்று ஒளிவின்றிச் சொன்னார். தமக்குப் பின் வருபவரைச் சுட்டிக்காட்டினார். அவர் வந்ததும் தாம் ஒதுங்கினார். அவர் காட்டிய திசையில் ஒருவர் உண்மையிலேயே வந்தார். எங்கள் முன்னோட்டம் காட்டிய திசையில் எவரும் இல்லை. இருந்த ஒருவரையும் நாங்களே வெட்டி எறிந்திருந்தோம்.

ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, அத்துண்டை இனி எங்கும் திரையிடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அவர் இசைந்தார், மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. குறைத்திருக்கலாம் என்றே இன்றும் எண்ணுகிறோம். பிறகு நான்கு ஞாயிறுகள் கோபிக்குச் சென்றோம். முதல் வாரம் மகன் எங்களோடு பேசவில்லை. இரண்டாம் வாரம் தேநீர் கொண்டுவந்து வைத்தார். மூன்றாம் வாரம், “ஏனுங்க, எங்க நிக்கோணும்?” என்று அவரே கேட்டார்.

பதினொரு நிமிடப் படம் ஒன்று உருவாயிற்று. பரிசுக்கோ மதிப்பெண்ணுக்கோ அது போகவில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் ஒருமுறை ஓடியது. அதிலும் அந்த அம்மா புகையில் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். அடுத்த காட்சியில் மகன் குனிந்து, ஈர மட்டையை ஒதுக்கிவிட்டு, அடுப்பை ஊதுகிறார். தீ பற்றிக்கொள்கிறது. முன்னர் நாங்கள் வெட்டி எறிந்த மீதி அதுதான்.